மினுமினுப்பு: வார்னிஷ்

என்னைக் கோபக்காரி என்பார்கள். சொல்கிறவர்களில் பாதிப்பேர் என்னிடம் திட்டு வாங்கினவர்கள், மீதிப்பேர் வாங்கப் போகிறவர்கள். ஆனால் கௌசிகா மேல் எனக்கு வந்த கோபம் மட்டும் நூற்றுக்கு நூறு நியாயம் என்று ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். பரீட்சைத் தாளில் எவளாவது 'வார்னிஷ்' என்று எழுதி வைப்பாளா?

என் பெயர் ஜெமிமா. ஊர் சித்தூர், வேலை திருப்பதியில். ஒரு தனியார் கல்லூரியின் ஜியாலஜி டிபார்ட்மெண்டில் லேப் அசிஸ்டென்ட். படித்தது பி.காம்., பார்ப்பது கல்லு. பதினோரு வருஷமாகக் கான்ட்ராக்ட். ஒவ்வொரு மே கடைசியிலும் முடியும், ஜூனில் ஹெச்.ஓ.டி. கையெழுத்துப் போட்டால் மறுபடி ஒரு வருஷம் ஓடும்.

லேபில் நாற்பது கனிமக் கற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் காகிதச் சீட்டு, சீட்டில் எண். எந்த எண்ணுக்கு எந்தப் பெயர் என்பது என்னிடம் இருக்கும் நோட்டில் மட்டும். பிள்ளைகள் கல்லைக் கீறிப் பார்த்து, தேய்த்துப் பார்த்து, ஆசிட் விட்டுப் பார்த்துப் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நடப்பது வேறு. ஒன்று குவார்ட்ஸ், இரண்டு டால்க், பதினாலு ஃபெல்ஸ்பார், முப்பத்தொன்று கால்சைட் என்று காட்பாடி லைனில் ஸ்டேஷன் பேர் ஒப்பிக்கிற மாதிரி நாற்பதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். பரீட்சையிலும் அதே சீட்டு, அதே எண். எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. நானும் திறந்ததில்லை.

ஏப்ரலில் பிராக்டிகல் பரீட்சை நடந்தது. ஆளுக்கு எட்டுக் கல், கல்லுக்கு ஐந்து மார்க்கு, ரெக்கார்ட் நோட்டுக்குப் பத்து. இருபது எடுத்தால் பாஸ். ஒவ்வொரு கல்லுக்கும் நிறம், மினுமினுப்பு, கடினம், தூளின் நிறம் எல்லாம் எழுதிக் கடைசியில் பெயர் எழுத வேண்டும். மற்றவர்கள் முக்கால் மணி நேரத்தில் எழுதிவிட்டுக் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். கௌசிகா மட்டும் கத்தியும், கல்லைத் தேய்த்துத் தூளின் நிறம் பார்க்கிற ஓட்டுத் துண்டுமாக உட்கார்ந்திருந்தாள். மணி அடித்தபோது நாலு கல்தான் முடித்திருந்தாள். அந்த நாலிலும் 'மினுமினுப்பு' என்ற கட்டத்தில் 'வார்னிஷ்' என்றே எழுதியிருந்தாள்.

வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் அதைப் படித்துவிட்டு எங்கள் ஹெச்.ஓ.டி. ஆதிநாராயணன் சாரைப் பார்த்தார். சார் என்னைப் பார்த்தார். எனக்குக் காது வரைக்கும் சூடு ஏறியது.

ஏனென்றால் வார்னிஷ் அடித்தவள் நான்.

எங்கள் சபையில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை எல்லாக் குடும்பமும் கூடி கோயில் பெஞ்சுகளைத் தேய்த்து வார்னிஷ் அடிப்போம். குடும்பத்துக்கு இரண்டு பெஞ்சு. போன டிசம்பரில் அரை டப்பா மிச்சமாகிவிட்டது. ஜனவரியில் கல்லூரிக்கு ஒரு ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. லேபில் கற்கள் எல்லாம் தூசி படிந்து செத்த மூஞ்சியோடு கிடந்தன. டப்பாவைக் கையோடு கொண்டுபோய் நாற்பதுக்கும் ஒரு கோட் அடித்தேன். என்னமாய் மின்னியது தெரியுமா! குழுவில் ஒருவர் போட்டோகூட எடுத்தார். சார், "சூப்பரம்மா!" என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தையை நான் வீட்டில் மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைப் போய் ஒருத்தி பரீட்சைத் தாளில் கேலி செய்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

கௌசிகாவுக்குப் பதினேழு மார்க்கு. மூன்றே மார்க்கில் ஃபெயில். நல்லா வேணும் என்று நினைத்தேன்.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை காலை அவள் லேப் வாசலில் வந்து நின்றாள். ஒல்லியான பெண், தோளில் ஒரு பை. குப்பத்துக்குப் பக்கத்தில் குடுபல்லியிலிருந்து முதல் வண்டி பிடித்து வந்திருக்கிறாள்.

"மேடம், பதினாலாம் நம்பர் கல்லு ஒருக்கா குடுக்கறீங்களா?"

"எதுக்கு? அதுக்கு ரெண்டாவது கோட்டு அடிக்கப் போறியா?"

அவள் சிரிக்கவில்லை. ஸ்ரீசிட்டியில் ஒரு டைல்ஸ் கம்பெனி லேபில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும், பாஸான சர்ட்டிபிகேட்டோடு. மறு பரீட்சை அக்டோபரில்தான். மார்க்கில் தப்பு இருந்தால் டிபார்ட்மெண்டிலிருந்து சனிக்கிழமைக்குள் பரீட்சைப் பிரிவுக்குக் கடிதம் போக வேண்டும். இதையெல்லாம் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

"எதுல தப்பு?" என்றேன்.

"பதினாலு ஃபெல்ஸ்பார் இல்ல மேடம். கால்சைட்டு. நான் அப்டித்தான் எழுதினேன். அஞ்சி மார்க்கும் பூடுச்சி."

"பதினோரு வருஷமா அது ஃபெல்ஸ்பாரு. நீ வந்து பேரு மாத்தப் போறியா? பேரு வெக்கிறதுக்கு அது இன்னா உன் அக்கா கொழந்தையா?"

"எனக்கும் பதினாலுன்னா ஃபெல்ஸ்பார்னு மனப்பாடம்தான் மேடம். ஆனா கத்தி வெச்சிப் பாத்தேன், உள்ள எறங்குது. ஃபெல்ஸ்பார்ல கத்தி எறங்காது. எங்க நைனா கிரானைட்டு பாலிஷ் போடற எடத்துல வேலை. கல்லுல வெள்ளை வெள்ளையா இருக்குதே, அது ஃபெல்ஸ்பாரு. அத்த ஆணி வெச்சிக் கீறினாலும் ஆணிதான் மழுங்கும். சின்ன வயசுலர்ந்து பாத்துக்கினு இருக்கேன்."

"கத்தி எறங்கலைம்மா. மேல இருக்கிற வார்னிஷ் உரிஞ்சிருக்கும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வார்னிஷ் என்ற வார்த்தையை நானே எடுத்துவிட்டேனே! அவள் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. நல்ல பெண்தான்.

வாயை அடைத்து அனுப்பிவிடலாம் என்று பதினாலாம் எண் கல்லை எடுத்து மேசையில் வைத்தேன். உள்ளங்கை அளவு, பால் வெள்ளை. ஆசிட் பாட்டிலைத் திறந்தேன். தண்ணீர் கலந்த ஆசிட்தான். கால்சைட் என்பது சுண்ணாம்பின் சொந்தக்காரன். ஆசிட் பட்டால் சோடா மாதிரி நுரைக்கும். ஃபெல்ஸ்பார் சும்மா இருக்கும். இவ்வளவு எனக்கும் தெரியும். இரண்டு சொட்டு விட்டேன்.

ஒன்றும் இல்லை. சொட்டு முத்தாக உருண்டு நின்றது.

"பாத்தியா? போய் அக்டோபர்ல எழுது, போ" என்றேன். ஜெயித்த சந்தோஷத்தை மறைக்கக்கூட இல்லை.

கௌசிகாவின் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் போகவில்லை. குனிந்து அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், ஆசிட்டு கல்லு மேல இல்ல. வார்னிஷ் மேல நிக்குது."

எனக்கு அடுத்த திட்டு நுனி நாக்கில் வந்துவிட்டது. ஆனால் பார்த்தால் அவள் சொன்னது சரி. அவள் ஒரு துணியால் ஆசிட்டைத் துடைத்துவிட்டு, கல்லைத் திருப்பி, அடிப்பக்கத்தில் கத்தியை வைத்து அழுத்தினாள். மேலே ஒரு மஞ்சள் தோல் சுருண்டு வந்தது. இன்னும் அழுத்தினாள். வெள்ளைத் தூள் உதிர்ந்தது. கல்லில் நகம் புகும் அளவுக்குப் பள்ளம். அந்தத் தூள்மேல் ஒரே ஒரு சொட்டு விட்டாள்.

புஸ்ஸென்று நுரைத்தது.

நான் பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கி நானே ஒரு சொட்டு விட்டேன். மறுபடி நுரை. பக்கத்தில் காதை வைத்தால் சத்தம்கூடக் கேட்டது.

"முப்பத்தொண்ணை எடு" என்றேன்.

முப்பத்தொன்று என் நோட்டின்படி கால்சைட். அதுவும் உள்ளங்கை அளவு, அதுவும் பால் வெள்ளை. வார்னிஷை உரித்துவிட்டு நானே கத்தியை வைத்து இழுத்தேன். கத்தி வழுக்கியது. பலம் கொண்ட மட்டும் அழுத்தினேன். கல்லில் பள்ளம் விழவில்லை, பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு சாம்பல் கோடு விழுந்தது. அது கத்தியின் இரும்பு. கல் கத்தியைத் தேய்த்துவிட்டது. ஆசிட் விட்டேன், அசையவில்லை.

இரண்டும் இடம் மாறியிருந்தன.

"நீ கேன்டீனுக்குப் போய் எதனா துன்னுட்டு வாம்மா. காலைலர்ந்து பட்டினியாதான இருக்கே" என்று அவளை அனுப்பினேன். எனக்குத் தனியாக இருக்க வேண்டியிருந்தது.

எப்போது மாறியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வார்னிஷ் அடிப்பதற்கு முந்தின நாள், கற்களைப் பிளாஸ்டிக் தொட்டியில் சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டேன். நாற்பது கல்லைப் போட்டேன், எடுத்தது முப்பத்தொன்பது. ஒன்று உப்புக்கல், கரைந்தே போய்விட்டது! யாருக்கும் சொல்லாமல் நாட்டு மருந்துக் கடையில் ஒரு இந்துப்புக் கட்டி வாங்கி அந்த இடத்தில் வைத்தேன். சீட்டுகள் எல்லாம் உரிந்து தண்ணீரில் மிதந்தன. அதனால் என்ன, பதினோரு வருஷமாகத் தொட்டுப் புழங்கின கல்லு எனக்குத் தெரியாதா என்று கண்ணால் பார்த்தே புதுச் சீட்டு ஒட்டினேன். கத்தி மேசை இழுப்பறையிலேயே இருந்தது. எடுக்கவில்லை.

வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. மே மாதம், கான்ட்ராக்ட் முடிகிற மாதம். அதோடு இன்னொன்றும் இருந்தது, அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு ஆசையாக இருந்தது. மற்ற முப்பத்தெட்டும் என்ன சொல்கின்றன என்று பார்க்க வேண்டும் போல இருந்தது.

ஒவ்வொன்றாக எடுத்தேன். ஹேமடைட் என்று ஒரு கல், கறுப்பாக இருக்கும். அதைப் பளபளப்பில்லாத ஓட்டுத் துண்டில் தேய்த்தால் ரத்தச் சிவப்பில் கோடு விழுகிறது. கறுப்புக் கல்லுக்குச் சிவப்புத் தூள்! இத்தனை வருஷம் தூக்கி வைத்தவளுக்கு இது தெரியாது. பேரைட் என்று ஒன்று, பார்க்க வெள்ளையாக ஒன்றும் தெரியாது, அதே அளவுள்ள குவார்ட்ஸோடு இரண்டு கையிலும் வைத்துப் பார்த்தால் அது கையைக் கீழே இழுக்கிறது. டால்க்கில் வார்னிஷை உரித்துவிட்டு நகத்தால் சுரண்டினால் பவுடர் வருகிறது, விரல் சோப்புப் போட்ட மாதிரி வழுக்குகிறது. குவார்ட்ஸ் ஜன்னல் கண்ணாடியையே கீறிவிட்டது. கீறியது தெரியாமல் இருக்க ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

கௌசிகா திரும்பி வந்தபோது நான் தலையிலிருந்து ஹேர்பின்னைக் கழற்றி மேக்னடைட் கல்லில் ஒட்டவைத்து ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"மேடம்?"

"விடமாட்டேங்குது பாரேன்!" என்றேன். முடி அவிழ்ந்து தோளில் கிடந்தது. அந்தப் பெண் முதல்முறையாகச் சிரித்தாள்.

நாலு மணிக்குள் நாற்பதையும் முடித்தோம். மாறியிருந்தது அந்த இரண்டு மட்டும்தான். அவளிடம் உண்மையைச் சொன்னேன், தொட்டியையும் உப்பையும் சேர்த்து. "நான்தாம்மா மாத்தி ஒட்னேன். உன்னைத் திட்டினதுக்கு மன்னிச்சிக்க." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "பரவால்ல மேடம்" என்றாள். பரவாயில்லை என்று சொல்கிற முகமாக அது இல்லை. மூன்று வாரம் அழுத முகம்.

மறுநாள் காலை இருவரும் ஆதிநாராயணன் சார் அறைக்குப் போனோம். சார் நல்லவர், சண்டை என்றால் அலர்ஜி. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஏமம்மா இது? மெதுவா பேசுங்க. ரெக்கார்ட் நோட்டுக்கு மூணு மார்க்கு கூட்டிப் போட்டுடறேன். பொண்ணு பாஸு. கல்லு விஷயம் இந்த ரூமோட முடியட்டும். சரேனா?"

கௌசிகா என்னைப் பார்த்தாள், அப்புறம் சாரைப் பார்த்தாள். அவளுக்கு அந்த மூன்று மார்க்கு போதும். திங்கட்கிழமை வேலைக்குப் போய்விடலாம். நானும் பிழைத்துக்கொள்வேன். "தேங்க்ஸ் சார்" என்று அவள் சொல்லிவிடக் கூடாதா என்று ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டேன். பொய் சொல்ல மாட்டேன், வேண்டிக்கொண்டேன்.

"சார், பதினாலு?" என்றாள்.

"பதினாலு உனக்கு எதுக்கும்மா இனிமே?"

"நான் சரியாத்தான சார் எழுதினேன்."

சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அந்தக் கல்லு இருபத்திமூணு பேருக்குப் போயிருக்குது. மத்த இருபத்திரெண்டு பேரும் ஃபெல்ஸ்பார்னு எழுதி அஞ்சு மார்க்கு வாங்கியிருக்காங்க. உனக்குச் சரின்னா அவங்களுக்குத் தப்பு. மார்க்கு பிடுங்கினா நாலஞ்சு பேரு ஃபெயிலு. அவங்க அப்பா அம்மா வந்து என் சட்டையப் பிடிக்கணுமா?"

"யாருதையும் பிடுங்க வேணாம் சார்" என்றேன். "கேள்வியே தப்புன்னா எல்லாருக்கும் மார்க்கு குடுக்கறது வழக்கந்தான? கல்லுல சீட்டு தப்பு. அவங்க அஞ்சி அவங்களுக்கு இருக்கட்டும், இவ அஞ்சி இவளுக்கு வரட்டும்."

"அதுக்குச் சீட்டு எப்டித் தப்பாச்சுன்னு எழுதணும். யாரு எழுதறது?"

"நான்தான்."

சார் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "எழுதிக் குடுத்தா அது மேலிடத்துக்குப் போகும், ஜெமிமாம்மா. அப்புறம் ஜூன்ல ரின்யூவலுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. யோசிச்சிக்கோங்க."

யோசித்தேன். பதினோரு வருஷம், விடியக்கருக்கலில் பஸ். என் வீட்டுக்காரர் டைட்டஸ் என்ன சொல்வார் என்று யோசித்தேன். அப்புறம் இந்தப் பெண்ணைப் பார்த்தேன். அறுபது பேர் படித்த வகுப்பில் கல்லைக் கல்லாகப் பார்த்தவள் இவள் ஒருத்தி, அவளைத்தான் நாங்கள் ஃபெயிலாக்கியிருக்கிறோம். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குக் கை வேகமாக ஓடும். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். கற்களைக் கழுவியது நான், சீட்டுகளை மாற்றி ஒட்டியது நான், சோதித்துப் பார்க்காமல் ஒட்டினேன், வார்னிஷ் அடித்ததால் மினுமினுப்பும் மாறிவிட்டது, உப்புக்கல் கரைந்துவிட்டது, பதினாலாம் எண் கல் கால்சைட்.

சார் படித்தார். "பி.காம். படிச்சவங்க சோதிச்சேன்னு எழுதினா ஒத்துக்க மாட்டாங்க. கல்லக் கொண்டாங்க" என்றார்.

கொண்டுவந்தேன். சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கத்தியை வாங்கினார். எத்தனை வருஷத்துக்கு அப்புறம் பிடிக்கிறாரோ. தூளைச் சுரண்டி, அவரே சொட்டு விட்டார். நுரைத்தது. "அரெரே" என்றார். பிறகு முப்பத்தொன்றை எடுத்தார். அது முடிந்ததும் வேறு கல் இருக்கிறதா என்று கேட்டார். நாங்கள் மூன்று பேரும் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டோம். கடைசியில் என் கடிதத்தின் கீழே, 'நானே நேரில் சோதித்தேன், உண்மை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது சனிக்கிழமை காலையிலேயே பரீட்சைப் பிரிவுக்குப் போய்விட்டது.

அன்றைக்கே மார்க்கைத் திருத்திச் சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள்: கௌசிகாவுக்கு இருபத்திரண்டு மார்க்கு. திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தாள். பத்து நாள் கழித்துப் போன் செய்தாள்.

"மேடம், இன்னிக்கு ஒரு லாரி லோடு திருப்பி அனுப்பிட்டேன். சீட்டுல ஃபெல்ஸ்பார்னு போட்டுக்கினு வந்தாங்க, பாதி கால்சைட்டு. டிரைவர் ஒரே சத்தம். சீட்டப் பாரும்மான்றாரு."

"நீ இன்னா சொன்னே?"

"சீட்டு வேணாம்ணா, கல்ல எறக்குங்கன்னேன்."

சிரித்தேன். போனை வைத்துவிட்டு கொஞ்சம் அழுதேன். ஏனென்றால் அன்று காலைதான் என் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாது என்று கடிதம் வந்திருந்தது. சார் மேல் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். முன்னாடியே சொல்லித்தானே செய்தார் என்று மனசைத் தேற்றினாலும் வலித்தது.

மே முப்பத்தொன்று, சார்ஜ் ஒப்படைக்கிற நாள். அதற்குள் தின்னர் வாங்கி நாற்பது கல்லிலிருந்தும் வார்னிஷைத் துடைத்து எடுத்திருந்தேன். கற்கள் பழையபடி செத்த மூஞ்சியோடு இருந்தன, அவரவர் மூஞ்சியோடு. என் இடத்துக்கு வந்தவர் பெயர் தனசேகர். காட்பாடிக்காரர், எம்.எஸ்சி. ஜியாலஜி, முப்பது வயசு இருக்கும். தினம் ரயிலில் வந்து போகப் போகிறார். மரியாதையான பிள்ளை. ஸ்டாக் ரிஜிஸ்டரைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"நாப்பது ஐட்டம். எல்லாம் கரெக்டா இருக்குது இல்ல மேடம்? எங்க கையெழுத்து போடணும்?"

நான் ரிஜிஸ்டரை மூடி என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"மேடம், எனக்கு நாலரைக்கு ட்ரெயினு."

"போவட்டும். அதுக்கப்புறம் இன்னொண்ணு இருக்குது" என்றேன். "நானும் இப்டித்தான் சார், வந்த அன்னிக்கு எண்ணிப் பாத்துட்டுக் கையெழுத்து போட்டேன். பதினோரு வருஷம் ஒரு கல்லையும் கேக்கல."

இழுப்பறையைத் திறந்து கத்தியையும் ஓட்டுத் துண்டையும் ஆசிட் பாட்டிலையும் அவர் முன்னால் வரிசையாக வைத்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். என்னைப் பற்றி யாரோ ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள் போல, வாதாடவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒன்றாம் எண் கல்லைக் கையில் எடுத்தார்.